வெற்றியின் வாயிலில் ஒரு கண்ணி
(சதுரங்கம் பயிலத் தொடங்கும் மாணவர்களுக்கும் அவர்தம் பெற்றோருக்கும்)



சதுரங்கம் என்னும் சொல்லுக்கு நான்கு உறுப்புகளை உடையது என்பது பொருள். தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நாற்படையை அச்சொல் குறித்தது. இந்தியாவிலே தோன்றிய இவ்விளையாட்டு பாரசீகத்துக்குச் சென்றது. அங்கிருந்து அரபு நாடுகளைக் கடந்து ஐரோப்பாவை அடைந்தது. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே ஏறத்தாழ இன்றைய வடிவத்தைப் பெற்றது. 1988இல் விசுவநாதன் ஆனந்த் இந்தியாவின் முதலாவது கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2022இல் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில் நடைபெற்றது. 2024 டிசம்பரில் சென்னையைச் சேர்ந்த குகேஷ் தமது பதினெட்டாவது வயதில் உலக வாகையர் பட்டத்தைச் சூடிக்கொண்டார். இச்செய்திகளின் பயனாக, நம் பள்ளியிலும் இடைவேளை மணி அடித்ததும் பந்தைத் தேடும் பிள்ளைகளைவிடச் சதுரங்கப் பலகையைத் தேடும் பிள்ளைகளே கூடிவிட்டனர்.

இப்பிள்ளைகளின் ஆட்டங்களைப் பார்த்து வருவதில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். தோற்றுவிட்டு அழும் பிள்ளையைத் தேற்றுவது எளிது. அடுத்த முறை வெல்லலாம் என்றால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். ஆனால் எதிராளியின் காய்களையெல்லாம் வெட்டி முடித்து, வெற்றிக்கு இன்னும் ஒரு நகர்வே உள்ளது என்னும் இடத்தில் ஆட்டத்தைச் சமநிலையில் முடித்துவிட்டுத் திகைத்து நிற்கும் பிள்ளையைத் தேற்றுவது அத்துணை எளிதன்று. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை அது. அந்தத் தாழி ஏன் உடைகிறது, உடையாமல் காப்பது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சில சொற்களை முதலில் வகுத்துக்கொள்வோம். பிள்ளைகள் 'செக்' என்பதை இங்கு முற்றுகை என்றும், 'செக்மேட்' என்பதை இறுதி முற்றுகை என்றும், 'ஸ்டேல்மேட்' என்பதை நகர்வற்ற நிலை என்றும் குறிப்பிடுகிறேன். காய்களை அரசன், அரசி, கோட்டை, காலாள் என்று அழைப்போம். சிப்பாய் என்று பலரும் கூறுவதே காலாள். வெள்ளைக்காய் ஆடுபவரின் இடக்கை மூலையிலிருந்து நிரல்கள் ஏ, பி, சி, டி, ஈ, எப், ஜி, எச் எனப் பெயர் பெறும். அவர் பக்கத்திலிருந்து நிரைகள் 1 முதல் 8 வரை எண் பெறும். எனவே ஏ1 என்பது அவருடைய இடக்கை மூலைக் கட்டம். எச்8 என்பது அதற்கு எதிர்மூலை. ஒரு பலகையை அருகில் வைத்துக்கொண்டு வாசித்தால் முழுப்பயனும் கிட்டும்.

நகர்வற்ற நிலை என்றால் என்ன?

ஆடவேண்டிய முறை ஒருவருடையது. அவருடைய அரசன் இப்போது முற்றுகையில் இல்லை. ஆயினும் அரசனை எந்தக் கட்டத்துக்கு நகர்த்தினாலும் அங்கு முற்றுகைக்கு உள்ளாகும். நகர்த்துவதற்கு வேறு காயும் இல்லை. அல்லது இருக்கும் காய்களும் அசைய முடியாதவை. இந்நிலை தோன்றிய அந்தக் கணமே ஆட்டம் முடிந்தது. இருவருக்கும் அரைப் புள்ளி. பலகையில் ஒருவரிடம் இரண்டு அரசிகள் இருக்கலாம். மற்றவரிடம் தனி அரசன் மட்டுமே இருக்கலாம். அதனால் எவ்வித வேறுபாடும் இல்லை.

இறுதி முற்றுகைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஒன்றே. இரண்டிலும் அரசனுக்குப் போக்கிடமில்லை. இறுதி முற்றுகையில் அரசன் தாக்கப்படுகிறான். நகர்வற்ற நிலையில் அவன் தாக்கப்படவில்லை. அந்த ஒரு வேறுபாடு முழுப்புள்ளியை அரைப்புள்ளி ஆக்கிவிடுகிறது.

இதைச் சிறுவர்களைவிட நம் பெற்றோர் விரைவில் விளங்கிக்கொள்வர் என்று நினைக்கிறேன். அகதி விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். துரத்துவார் எவருமில்லை, தலைக்கு மேலே விமானம் இல்லை. ஆனால் வேலைக்குப் போகவும் அனுமதியில்லை. வேறு நகருக்குக் குடிபெயரவும் முடியாது. ஊருக்குத் திரும்பவும் வழியில்லை. தாக்குதலும் இல்லை, நகர்வும் இல்லை. அந்நிலையில் இருந்தவர்களுக்கு இந்த விதியை இரண்டாம் முறை விளக்க வேண்டியதில்லை. வாழ்க்கையில் அது எத்தனை ஆண்டுகளும் நீளும். சதுரங்கத்தில் அக்கணமே ஆட்டம் நிறைவுறும் என்பதுதான் வேறுபாடு.

இது யாருடைய பிழை?

தோற்றுக்கொண்டிருப்பவர் இந்நிலையை அஞ்சுவதில்லை. அவருக்கு இது கொடை. நகர்வற்ற நிலை, பலமுள்ளவர் செய்யும் பிழை. காய்கள் மிகுந்தவர், வெற்றி உறுதி என்று நம்பியவர், தம் அடுத்த நகர்வை மட்டுமே எண்ணியவர் செய்யும் பிழை. 'நான் எங்கே வைப்பது?' என்று அவர் பத்துமுறை கேட்டிருப்பார். 'நான் வைத்தபின் அவருக்கு எங்கே வைக்க இடமிருக்கும்?' என்று ஒருமுறையும் கேட்டிருக்கமாட்டார். இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கப் பழகுவதே இக்கண்ணியிலிருந்து தப்பும் வழி. இனி வருபவை யாவும் அந்த ஒரு கேள்வியின் விரிவே ஆகும்.

அரசியால் நேரும் பிழை

தொடக்க மாணவர் மிகுதியாக இடறுவது அரசியோடு தனி அரசனை மடக்கும் இடத்தில்தான். கருப்பு அரசனை எச்8 மூலையில் வையுங்கள். வெள்ளை அரசியை எப்7இல் வையுங்கள். ஆடும் முறை கருப்புடையது. ஜி8, ஜி7, எச்7 ஆகிய மூன்று கட்டங்களும் அரசியின் பார்வையில் உள்ளன. எச்8 மட்டும் அதன் பார்வையில் இல்லை. ஆட்டம் சமநிலை. அரசியை ஜி6இல் வைத்தாலும் இதே முடிவுதான். இவ்விரு கட்டங்களும் மூலையிலிருந்து ஒரு குதிரைப் பாய்ச்சல் தூரத்தில் உள்ளன. எனவே மனத்திற் பதிக்கவேண்டிய முதல் விதி இது: எதிராளியின் தனி அரசன் மூலையில் நிற்கும்போது, முற்றுகை கொடுக்காமல் உங்கள் அரசியைக் குதிரைப் பாய்ச்சல் தூரத்தில் வைக்காதீர்கள்.

கோட்டையிலும் இப்பிழை உண்டு. கருப்பு அரசன் ஏ8இல், வெள்ளைக் கோட்டை பி7இல், அதைக் காக்கும் வெள்ளை அரசன் சி6இல். முறை கருப்புடையது எனின் இதுவும் நகர்வற்ற நிலையே. ஏ7உம் பி8உம் கோட்டையின் வழியில் உள்ளன. காவல் பெற்ற கோட்டையை வெட்டவும் இயலாது.

பிழையை மட்டும் காட்டி விடுதல் ஆசிரியர்க்கு அழகன்று. சரியான முறையையும் காண்போம். வெள்ளை அரசன் சி3இல், வெள்ளை அரசி ஈ7இல், கருப்பு அரசன் ஜி8இல் நிற்கட்டும். அரசி ஏழாம் நிரையில் நின்று, கருப்பு அரசனைக் கடைசி நிரையில் வேலிபோட்டு அடைத்துவிட்டது. ஆனால் ஜி8, எச்8 என்னும் இரு கட்டங்கள் அவனுக்கு எஞ்சியிருக்கின்றன. அவை இருக்கட்டும். அரசியை இனித் தொடவேண்டாம். உங்கள் அரசனை நடத்துங்கள்: டி4, ஈ5, எப்6. அதற்குள் கருப்பு அரசன் எச்8, ஜி8, எச்8 என்று ஊஞ்சலாடிக்கொண்டிருப்பான். நான்காம் நகர்வில் அரசி ஜி7இல் இறங்குகிறாள். அருகில் நிற்கும் தன் அரசனின் காவல் அவளுக்கு உண்டு. இறுதி முற்றுகை!

இங்கு நடந்ததைச் சிந்தியுங்கள். எதிராளிக்கு இரண்டு கட்டங்களை வேண்டுமென்றே விட்டுவைத்தோம். அவ்விடத்தை அபகரிக்க அவசரப்பட்டிருந்தால் ஆட்டம் சமநிலையில் முடிந்திருக்கும். வேலி கட்டவேண்டும், ஆனால் வேலிக்குள்ளே காலாற நடக்க இடம் விடவேண்டும். அரசியும் அரசனும் சேர்ந்து தனி அரசனை மடக்குவதற்கு, பிழையின்றி ஆடினால், எந்நிலையிலிருந்தும் பத்து நகர்வுகளே மிகுதி. ஆதலால் இங்கு அவசரத்துக்கு வேலையே இல்லை.

இன்னுமொரு குறிப்பு. முற்றுகை கொடுக்கும் நகர்வினால் நகர்வற்ற நிலை ஒருபோதும் உண்டாகாது. அரசன் தாக்கப்படுகிறான் அல்லவா? இதை அறிந்த சில மாணவர்கள் ஓயாமல் முற்றுகை கொடுத்துக்கொண்டே இருக்கின்றனர். அரசன் பலகை முழுவதும் ஓடுகிறானே தவிர, அகப்படுவதில்லை. ஒரே நிலை மூன்றுமுறை தோன்றினால் எதிராளி சமநிலை கோரலாம். காய் எதுவும் வெட்டப்படாமலும் காலாள் எதுவும் நகராமலும் இரு தரப்பினரும் ஐம்பது ஐம்பது நகர்வுகள் ஆடிவிட்டாலும் கோரலாம். ஆகவே பயத்தினாற் கொடுக்கும் முற்றுகையும் தீர்வாகாது. இரண்டு கோட்டைகள் உள்ளவர் மட்டும், ஒன்று வேலியாக நிற்க மற்றது முற்றுகை கொடுக்க, ஏணிப்படி ஏறுவதுபோல நிரை நிரையாக எதிரி அரசனைத் தள்ளிச் செல்லலாம். அம்முறையில் இடர்ப்பாடு மிகக் குறைவு.

காலாளின் கடைசி அடி

அடுத்த இடறல் காலாளை எட்டாம் நிரைக்குக் கொண்டுசெல்லும் இடத்தில் நேர்கிறது. வெள்ளை அரசன் டி6இல், வெள்ளைக் காலாள் ஈ6இல், முறை வெள்ளையுடையது. கருப்பு அரசன் ஈ8இல் நின்றால், காலாளை ஈ7க்கு நகர்த்துங்கள். அது முற்றுகை அன்று. கருப்பு அரசனுக்கு எப்7 ஒன்றே போக்கிடம். அவன் சென்றதும் உங்கள் அரசன் டி7இல் ஏறுகிறான். காலாள் அரசியாவதை இனி எவரும் தடுக்கவியலாது.

இனிக் கருப்பு அரசனை மட்டும் டி8இல் வையுங்கள். இப்போது காலாள் ஈ7க்கு வந்தால் அது முற்றுகை. கருப்பு அரசன் ஈ8இல் வந்து வழியை அடைத்து நிற்பான். காலாளைக் காக்க உங்கள் அரசன் ஈ6க்கு வந்தால், கருப்பு அரசனுக்கு ஒரு கட்டமும் இல்லை, சமநிலை. வேறெங்கு சென்றாலும் காலாள் பறிபோகும், அதுவும் சமநிலை. ஒரு கட்ட வேறுபாட்டில் இரண்டு முடிவுகள்! இத்தகைய அரசன்–காலாள் முடிவாட்டத்தில், காலாள் ஏழாம் நிரையை முற்றுகை கொடுக்காமல் அடைந்தால் பெரும்பாலும் வெற்றி. முற்றுகை கொடுத்து அடைந்தால் பெரும்பாலும் சமநிலை. பழைய ஆசிரியர்கள் சொல்லிவைத்த இந்த விதியை மனனம் செய்துகொள்ளுங்கள்.

பெரியதே எப்போதும் சிறந்ததன்று

காலாள் எட்டாம் நிரையை அடைந்தால் அரசியாகவே மாறவேண்டும் என்று பிள்ளைகள் நினைக்கின்றனர். விதி அவ்வாறு கூறவில்லை. கோட்டையாகவோ வேறு காயாகவோ மாற்றிக்கொள்ளலாம்; மீண்டும் காலாளாகவோ அரசனாகவோ மட்டும் இருக்கமுடியாது. வெள்ளை அரசன் எப்6, வெள்ளைக் காலாள் எப்7, கருப்பு அரசன் எச்7. வெள்ளை ஆடவேண்டும். எப்8இல் அரசியாக மாற்றினால், கருப்பு அரசனைச் சுற்றியுள்ள ஐந்து கட்டங்களும் அடைபட்டுவிடும். அவன் மட்டும் தாக்கப்படவில்லை. சமநிலை. கோட்டையாக மாற்றினாலோ எச்6 என்னும் ஒரு கட்டம் அவனுக்குத் திறந்திருக்கும். அவன் அங்கு சென்றே ஆகவேண்டும். உடனே கோட்டை எச்8க்குச் செல்கிறது, இறுதி முற்றுகை. அரசியால் முடியாததைக் கோட்டை முடித்து வைத்தது.

இதனை ஒத்த புகழ்பெற்ற வரலாறு ஒன்று உண்டு. 1895இல், கிளாஸ்கோ நகரின் வார இதழ் ஒன்றில், பார்பியே என்பவர் நடத்திய சதுரங்கப் பகுதியில் ஒரு முடிவாட்டம் வெளியாயிற்று. அது சமநிலையில் முடியும் என்பதே அப்போதைய தீர்வு. அதன் முக்கிய நிலை இதுதான்: வெள்ளை அரசன் சி2, வெள்ளைக் காலாள் சி7, கருப்பு அரசன் ஏ1, கருப்புக் கோட்டை டி4. காலாளை அரசியாக்கினால், கருப்புக் கோட்டை சி4க்கு வந்து முற்றுகை கொடுக்கும். அரசி அதை வெட்டினால் கருப்பு அரசனுக்கு நகர்வில்லை. வெட்டாவிட்டால் அரசி பறிபோவாள். அந்நகரில் வாழ்ந்த பெர்னாண்டோ சாவேத்ரா என்னும் ஸ்பானியத் துறவி இதைப் பார்த்தார். பெரிய ஆட்டக்காரர் அல்லர் அவர். அரசிக்குப் பதிலாகக் கோட்டையை எடுத்தால் வெள்ளை வெல்லும் என்று அவர் கண்டுபிடித்தார். ஏ நிரலில் வரவிருக்கும் இறுதி முற்றுகையைத் தடுக்கக் கருப்புக் கோட்டை ஏ4க்குச் செல்லவேண்டும். உடனே வெள்ளை அரசன் பி3க்கு வருகிறான். கோட்டையும் வெட்டுப்படும் நிலையில். சி1இல் இறுதி முற்றுகையும் காத்திருக்கிறது. இரண்டையும் ஒருசேரத் தடுக்க வழியில்லை. அந்த ஒரு நகர்வினால் அவர் பெயர் நூற்றாண்டு கடந்தும் நிலைத்திருக்கிறது.

எல்லாம் வேண்டும் என்னும் ஆசை

சென்ற ஆண்டு சிறுவர் போட்டி ஒன்றில் நம் மாணவி ஒருத்தி ஆடினாள். அவளிடம் ஓர் அரசியும் கோட்டையும் மூன்று காலாட்களும் இருந்தன. எதிராளிச் சிறுவனிடம் ஓர் அரசனும் ஒரு காலாளும். அந்தக் காலாளையும் வெட்டிவிட்டாள். பின்னர் தன் காலாளை இரண்டாவது அரசியாக்கினாள். அவள் கை காயை விட்டதும் நடுவர் வந்து பலகையைப் பார்த்து, சமநிலை என்றார். அந்தச் சிறுவன் துள்ளிக் குதித்தான். இவள் ஒன்றும் பேசாமல் காய்களைப் பெட்டியில் அடுக்கினாள். அரைப்புள்ளி குறைந்தமையால் அவளுக்குக் கிண்ணம் கிட்டவில்லை.

இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. எதிராளியிடம் நகரக்கூடிய ஒரு காலாள் இருக்கும்வரை நகர்வற்ற நிலை தோன்ற வழியில்லை; அரசனுக்கு இடமில்லாவிடின் காலாளை நகர்த்தியே ஆகவேண்டும். எனவே தீங்கு செய்யமுடியாத தூரத்தில் நிற்கும் அந்தக் கடைசிக் காலாள் உங்களுக்குக் காவலன். அதை வெட்டுவதற்கு முன் இருமுறை எண்ணுங்கள். இரண்டாவதாக, பலகையில் உங்கள் அரசிகள் கூடக்கூட எதிரி அரசனுக்குரிய கட்டங்கள் குறைகின்றன. ஓர் அரசி போதுமான இடத்தில் இரண்டாவது அரசி ஆபத்து.

பெரியவர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். 1963–64 ஐக்கிய அமெரிக்க வாகையர் போட்டியில் சாமுவேல் ரெஷெவ்ஸ்கி, லாரி எவன்ஸை எதிர்த்து வெற்றி நிலையில் இருந்தார். தமது 48ஆவது நகர்வில் அரசியால் ஒரு காலாளை வெட்டினார். உடனே எவன்ஸ் தம் அரசியைப் பலியாகக் கொடுத்தார். பின்னர் கோட்டையையும் எதிரி அரசனின் அருகே நிறுத்தி முற்றுகை கொடுத்தார். அந்தக் கோட்டையை வெட்டினால் எவன்ஸுக்கு நகர்வில்லை. வெட்டாவிடின் முற்றுகை ஓயாது. ஆட்டம் சமநிலையில் முடிந்தது. ரெஷெவ்ஸ்கி சிறுவயதிலேயே உலகை வியக்கவைத்த மேதை. அவருக்கே அது நேர்ந்ததென்றால், பத்து வயதுப் பிள்ளைக்கு நேர்வதில் வியப்பில்லை.

தோற்பவரின் உரிமை

நிலைமை மோசமானதும் கைகுலுக்கிவிட்டு எழுந்துவிடும் பிள்ளைகளும் உண்டு. தொடக்க மாணவர்கள் அவ்வாறு செய்யலாகாது. உங்களிடம் அரசனும் ஒரு கோட்டையும் மட்டுமே எஞ்சி, அரசனுக்கு நகர்வு இல்லாதிருந்தால், அந்தக் கோட்டையை எதிராளிக்குக் கொடுக்க முயலுங்கள். அவர் வெட்டினால் நீங்கள் தப்பினீர்கள். கடைசிவரை ஆடுவது பிடிவாதம் அன்று. விதி உங்களுக்குத் தந்த உரிமை. 2007இல் மெக்சிகோ நகரில் நடைபெற்ற உலக வாகையர் போட்டியில் ஆனந்தும் விளாதிமிர் கிராம்னிக்கும் ஆடிய ஆட்டமொன்று நகர்வற்ற நிலையிலேயே முடிந்தது. 1978இல் பாகியோ நகரில் கார்ப்பொவும் கொர்ச்னோயும் ஆடிய ஐந்தாவது ஆட்டம் 124 நகர்வுகள் நீண்டு, அதுவும் நகர்வற்ற நிலையில் நிறைவுற்றது.

'அரசனை முழுவதும் அடைத்துவிட்டேனே, வெற்றி எனக்கு ஏன் இல்லை?' என்று சில மாணவர்கள் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். சீனச் சதுரங்கத்தில் நகரமுடியாதவர் தோற்றவராவார். இங்கிலாந்திலோ 17, 18ஆம் நூற்றாண்டுகளில், எதிராளியை அந்நிலைக்குத் தள்ளியவரே தோற்றவராகக் கருதப்பட்டார்! 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சமநிலை என்னும் விதி அங்கு வேரூன்றியது. இமானுவேல் லாஸ்கர் போன்ற உலக வாகையரும் இவ்விதியை மாற்றவேண்டுமென்று விரும்பினர், அது மாறவில்லை. மாறாமை நன்றே. தனி அரசனாய் நிற்பவனுக்கும் ஒரு நம்பிக்கையை இவ்விதி விட்டுவைக்கிறது. வெல்பவரையும் கடைசி நகர்வுவரை சிந்திக்க வைக்கிறது.

ஒவ்வொரு நகர்வுக்கும் முன்

எதிராளியிடம் காய்கள் குறைந்துவிட்டால், பின்வரும் மூன்று கேள்விகளை ஒழுங்காகக் கேளுங்கள்.

1. நான் வைக்கப்போகும் நகர்வு முற்றுகை கொடுக்கிறதா? ஆம் எனின் இக்கண்ணியைப் பற்றிய அச்சம் இல்லை.
2. இல்லை எனின், எதிரி அரசனுக்குப் போகக்கூடிய கட்டம் ஒன்றாவது எஞ்சியிருக்கிறதா? அந்தக் கட்டத்தைக் கண்ணால் தேடிக் காணுங்கள். இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.
3. அதுவும் இல்லை எனின், நகரக்கூடிய வேறு காய் அவரிடம் உண்டா? அதுவும் இல்லையேல் அந்நகர்வை வைக்கவேண்டாம்.

இவற்றுக்கு விடை கண்ட பின்னரே காயைத் தொடுங்கள். போட்டிகளில் தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும் என்பது விதி. விடை காணும்வரை கை மடியில் இருக்கட்டும்.

பெற்றோருக்கு ஒரு சொல்

1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லாதிருந்த ஆண்டுகளில், குப்பிவிளக்கின் ஒளியில், மட்டையிற் கீறிய பலகையில் நாங்கள் ஆடினோம். பலகையைச் சுற்றி நாலு பேர் இருந்தனர். பிழை விட்டவனுக்கு அதை விளக்க ஒரு அண்ணன் இருந்தார். இங்கு பிள்ளை கைபேசியில் எவரென்றறியாத ஒருவரோடு ஆடுகிறது. தோற்றால் அடுத்த ஆட்டத்தைத் தட்டிவிடுகிறது. விளக்கிச் சொல்ல எவருமில்லை. ஆகவே வாரத்தில் ஒரு மாலையேனும் பலகையை விரித்து அருகில் அமருங்கள். உங்களுக்கு ஆடத் தெரியாவிடினும் குறையில்லை. 'நீ இதை வைத்தால் மற்றவர் என்ன வைப்பார்?' என்று தமிழிற் கேட்டால் போதும். பிள்ளை விடையைத் தமிழிலே தேடும். அதுவும் ஒரு தமிழ் வகுப்பே.

போட்டியில் அரைப்புள்ளி இழந்துவரும் பிள்ளையைக் காரில் வைத்தே கண்டிக்கவேண்டாம். அந்த நிலையைப் பலகையில் மீண்டும் அடுக்கச் சொல்லுங்கள். எந்தக் கட்டம் அடைபட்டது என்று அதுவே காட்டட்டும். மேலே கூறிய மாணவி அவ்வாறே செய்தாள். இவ்வாண்டு அவள் இளையோர்க்கு ஏழாம் நிரை வேலியைக் கற்றுக்கொடுக்கிறாள். 'அவனுக்கு ரெண்டு பெட்டி விடு' என்று அவள் சொல்லும் குரல் இடைவேளைகளில் எனக்குக் கேட்கிறது.

மாணவர்களுக்குப் பயிற்சி

1. வெள்ளை அரசன் எப்6, வெள்ளை அரசி ஈ7, கருப்பு அரசன் எச்8. வெள்ளை ஆடவேண்டும். அரசியின் எந்த நகர்வு வெற்றி தரும்? எந்த நகர்வு வெற்றியைக் கெடுக்கும்?

2. கருப்பு அரசன் ஏ8, கருப்புக் காலாள் எச்7, வெள்ளை அரசி பி6. முறை கருப்புடையது. வெள்ளை அரசன் எச்5இல் நின்றால் முடிவு யாது? எச்6இல் நின்றால் யாது?

விடைகள்: (1) ஜி7 இறுதி முற்றுகை, எப்7 நகர்வற்ற நிலை. ஒரு கட்டமே வேறுபாடு. (2) அரசன் எச்5இல் நின்றால் காலாள் எச்6க்கு நகரலாம், ஆட்டம் தொடரும். எச்6இல் நின்றால் வெள்ளை அரசனே அக்காலாளின் வழியை அடைத்துவிடுகிறான், கருப்புக்கு எந்த நகர்வும் இல்லை, சமநிலை.